ஃபென்வே பார்க்கில் ஒரு பிற்பகல்: கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர் எதைப் பார்க்க வேண்டும்?

அலுவலகப் பயிற்சிக்காக ஜூன் மாதம் பாஸ்டன் வருகிறீர்கள். உடன் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஃபென்வே பார்க்கில் நடக்கும் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்துக்கு, வலப்பக்க மைதானத்தின் பின்னால் உள்ள திறந்தவெளி இருக்கைகளில் உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் அறியாத உங்களுக்கு அந்த மூன்று மணி நேரம் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். விதிகளைச் சொல்லித் தரும்படி நீங்கள் கேட்கவில்லை, அவை எங்கும் கிடைக்கும். கிரிக்கெட்டில் பழகிய கண் அந்த மைதானத்தில் எங்கே போய் நிலைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னை லீக் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகள் ஸ்கோர் எழுதியவன் நான். பாஸ்டன் பக்கம் குடிவந்த பிறகு, அந்தப் பழக்கத்தை விட முடியாமல் பேஸ்பாலையும் எழுதி எழுதியே கற்றுக்கொண்டேன். ஆனால் அதை ஒரு நாளும் விளையாடியதில்லை. ஆகவே பந்து வீசும் பிட்சர் பந்தை எந்த விரலால் எப்படிப் பிடிக்கிறார் என்பது போன்ற நுட்பங்களுக்கு நான் சரியான ஆள் அல்ல. பார்வையாளரின் இருக்கையிலிருந்து தெரிவதைச் சொல்ல என்னால் முடியும்.

கிரிக்கெட் பார்த்தவர்கள் இங்கே வந்ததும் பந்து மட்டையில் படுவதற்காகக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்தால் சலிப்பு உறுதி. இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ முந்நூறு பந்துகள் வீசுவார்கள். அவற்றில் அடிபட்டுக் களத்துக்குள் வந்து விழுபவை ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும். மற்ற பந்துகளை எல்லாம் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று கணக்கில் தள்ளிவிட்டால் ஆட்டத்தில் மிஞ்சுவது மிகக் குறைவு. பேட்டருக்கு எதிரே உள்ள கற்பனைக் கட்டமான ஸ்டிரைக் எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்ட பந்து, அல்லது சுழற்றித் தவறவிட்ட பந்து ஸ்டிரைக்; எல்லைக்கு வெளியே போய், அவர் சுழற்றாமல் விட்ட பந்து பால். ஸ்டிரைக் மூன்றானால் பேட்டர் அவுட், பால் நான்கானால் அவர் ஓடித் தொட வேண்டிய நிலைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்தே போகலாம் என்பதை அறிந்திருப்பீர்கள். இந்த இரண்டு எண்களும் சேர்ந்த நிலையைத்தான் கவுண்ட் என்கிறார்கள். பால் ஏதும் இல்லாமல் இரண்டு ஸ்டிரைக் விழுந்துவிட்டால் பிட்சர் அவசரப்பட வேண்டியதில்லை. எல்லைக்கு வெளியே ஓடும் பந்தைப் போட்டு ஆசை காட்டலாம், காலடியில் விழும் பந்தைப் போட்டு ஏமாற்றலாம். பேட்டரோ சந்தேகமான பந்தை எல்லாம் தொட்டாக வேண்டிய கட்டாயத்தில் இருப்பார். அதே பேட்டருக்கு மூன்று பால், ஒரு ஸ்டிரைக் என்று நிலை மாறினால் தலைகீழ்: பிட்சர் எல்லைக்குள் போட்டே தீர வேண்டும், அது பெரும்பாலும் நேரான வேகப் பந்தாகவே இருக்கும் என்று எதிர்பார்த்து பேட்டர் முழு வீச்சில் சுழற்றுவார். கூட்டம் திடீரென்று எழுந்து கைதட்டுவதும், வெளிக் களத்தில் நிற்பவர் நான்கடி பின்னால் போவதும், பேட்டர் மட்டையின் பிடியைச் சற்று மேலே தள்ளிக்கொள்வதும் கவுண்ட்டைப் பொறுத்தே நடக்கின்றன. ஆகவே நான் சொல்லக்கூடிய ஒரே முக்கியமான யோசனை இது: ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கவுண்ட் என்ன என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு ஃபென்வே பார்க் தோதான இடம். நீங்கள் உட்காரப்போகும் பக்கத்துக்கு எதிரே, இடப்பக்க எல்லையில், பச்சை வண்ணம் பூசிய ஒரு பெரிய சுவர் நிற்கும். அதன் அடிப்பகுதியில் இன்றும் கையால் இயக்கப்படும் ஸ்கோர் பலகை இருக்கிறது. பால்களுக்குப் பச்சை விளக்கு, ஸ்டிரைக்குக்கும் அவுட்டுக்கும் சிவப்பு விளக்கு. பெரிய மின்திரைகளும் உண்டு, ஆனால் அவை விளம்பரமும் வேடிக்கையும் காட்டி உங்கள் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சுவரில் உள்ள சின்ன விளக்குகளுக்கு வேறு வேலை கிடையாது. ஓர் இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஆளுக்கு மூன்று அவுட் வரை ஆடும் சுற்று; ஆட்டத்துக்கு ஒன்பது) முடிந்ததும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருங்கள். ஓட்ட எண் எழுதிய தகடு ஒன்று உள்ளேயிருந்து வந்து துளையில் பொருந்தும். பதினாறு அங்குலச் சதுரமும் மூன்று பவுண்டு எடையும் உள்ள அந்தத் தகட்டைச் சுவருக்குள் இருக்கும் குறுகலான அறையில் நின்று ஓர் ஆள் மாட்டுகிறார். சேப்பாக்கத்தின் பழைய பலகையைப் பார்த்தவர்களுக்கு இது தனியாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பந்து ஸ்டிரைக் எல்லைக்குள் வந்ததா என்று தீர்ப்பதில் அம்பயருக்கு இருந்த தனியதிகாரம் இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது. 2026 சீசனிலிருந்து ஒவ்வோர் அணிக்கும் இரண்டு முறையீடுகள் தரப்படுகின்றன. முறையீடு சரியென்றால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். நம் டிஆர்எஸ் போலத்தான், ஆனால் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர், பேட்டர் ஆகிய மூவரில் ஒருவர்தான் கேட்க முடியும், அதுவும் தலையைத் தட்டி அந்தக் கணமே கேட்க வேண்டும். வெளியே இருந்து அணியை நடத்தும் மேலாளரைப் பார்த்துக் கண்ணால் யோசனை கேட்பதற்கு இடமில்லை. யாராவது தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்டினால் திரையைப் பாருங்கள்.

ஆட்டத்துக்கு உள்ளே நுழைவதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய வழி ஸ்கோர் எழுதுவது. வாசலருகே ஸ்கோர் கார்டு கிடைத்தால் ஒன்றும், கூடவே ஒரு பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள்; கிடைக்காவிட்டால் கட்டம் போட்ட தாள் ஒன்றே போதும். இந்த எழுத்து முறை உங்களுக்கு முழுக்க அந்நியமானதும் அல்ல. அதை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் எக்ஸிட்டரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தை அறிந்த ஒருவர்தான் பேஸ்பாலுக்கும் கணக்கு முறை செய்து கொடுத்தார். ஆட்டக்காரர்களின் முதுகில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். எழுதுவதற்கு நிற்கும் இடத்தின் எண்தான் தேவை. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக் களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட்டானால் 6-4-3 என்று எழுதுவார்கள். ஒரே பந்தில் இரண்டு விக்கெட் விழும் ஆட்டம் இது என்பதை முதல்முறை கண்ணால் பார்க்கும்போது கிரிக்கெட்காரர்கள் சற்று ஆடித்தான் போவார்கள். மூன்று இன்னிங்ஸ் வரை எழுதிப் பாருங்கள். நான்காவதில் அதே பேட்டர் மறுபடி வரும்போது, போன முறை அவரை எப்படிச் சாய்த்தார்கள் என்று உங்கள் தாளே சொல்லும், பிட்சர் அதையே மறுபடி செய்கிறாரா என்று நீங்களாகவே கவனிக்கத் தொடங்குவீர்கள்.

பேட்டர்களை மதிப்பிடும்போது நம் ஊர் அளவுகோலைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். பத்து முறையில் மூன்று முறை அடித்துப் பேஸை அடைபவர் மிக நல்ல பேட்டர். இதே ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 என்ற சராசரியை, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 406 வெற்றி என்ற கணக்கை, எட்டினார். அதன் பிறகு பெரிய லீக்குகளான அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் எவரும் .400ஐத் தொடவில்லை. அந்த சீசனின் கடைசி நாள் காலையில் அவருடைய சராசரி .39955, முழுமையாக்கினால்.400 என்றே பதிவாகும், ஆடாமல் உட்கார்ந்திருக்கலாம். அவர் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டு முயற்சிகளில் ஆறு முறை வெற்றிகரமாக அடித்தார்.

இனி, அந்தப் பச்சைச் சுவர். அதன் உயரம் சுமார் 37 அடி. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இடப்பக்கக் கோட்டின் முனையில் அது 310 அடி தூரத்திலேயே நிற்கிறது. பெரிய லீக் மைதானம் ஒன்றுக்கு இது குறைந்த தூரம். 1912 ஏப்ரலில் திறந்த மைதானம் இது, இன்று ஆட்டம் நடக்கும் பெரிய லீக் மைதானங்களில் மிகப் பழையது; அப்போது இருந்த தெருக்களுக்கு நடுவே இடம் பார்த்துக் கட்டியதால் கிடைத்த வடிவம்தான் இந்தக் கோணல். இதனால் ஆட்டமே மாறுகிறது. வேறு மைதானத்தில் எளிதாகப் பிடிபட்டிருக்கும் உயரமான பந்து இங்கே சுவரைத் தொட்டுவிடும், பேட்டர் இரண்டாம் பேஸில் போய் நிற்பார். மாறாக, வேறிடத்தில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல) ஆகியிருக்கும் தாழ்வான, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பி வந்து, அவசரமாக எடுத்து எறியப்பட்டால் ஒரே பேஸோடு நின்றுவிடும். இடப்பக்கக் களத்தில் நிற்பவருக்குப் பிடிப்பதைவிடச் சுவரிலிருந்து பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்று கணிப்பதே பெரிய வித்தை. 1961 முதல் 1983 வரை ரெட் சாக்ஸுக்கு ஆடிய கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அதில் பேர் பெற்றவர். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் முதுகைக் காட்டிச் சுவரை நோக்கி ஓடி, சட்டென்று நின்று திரும்பினால், பந்து திரும்பி வரும் இடத்துக்கு அவர் கணக்குப் போட்டுவிட்டார் என்று பொருள். நின்ற இடம் சரியா தவறா என்பது அடுத்த நொடியில் தெரிந்துவிடும்.

உங்கள் இருக்கைகளைக் குறைவாக நினைக்க வேண்டாம். பேட்டருக்கு மிகத் தொலைவு என்பது உண்மை, பந்து எந்த வகை என்று அங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் களத்தடுப்பு முழுவதும் பின்னாலிருந்து விரிந்து தெரியும். அதைவிட முக்கியம், வலப்பக்கத் திறந்தவெளி இருக்கைகளுக்கு முன்னாலேயே இரு அணிகளின் புல்பென்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம் அது. தொடக்கப் பிட்சர் நூறு பந்துகளை நெருங்கும்போது, பொதுவாக ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில், புல்பென்னில் யாராவது ஒருவர் எழுந்து மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மெதுவாக எறியத் தொடங்குவார். நேரம் செல்லச் செல்லக் கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் கூர்மையாகும். மைதானத்தின் மறுகோடியில் விலை உயர்ந்த இருக்கைகளில் இருப்பவர்களுக்கு முன்பே, மாற்றம் வரப்போகிறது என்பதும், வருபவர் இடக்கையா வலக்கையா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். வெளியேறிய ஆட்டக்காரர் திரும்ப வர முடியாது, உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும் அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் நினைவில் வைத்துக்கொண்டால், மேலாளர் ஏன் இவ்வளவு யோசிக்கிறார் என்பது புரியும்.

அந்தப் பகுதியில் கஷ்டமும் ஒன்று உண்டு, வெயில். அங்கே உட்காருபவர்கள் தென்மேற்கு நோக்கி இருப்பார்கள். ஜூன் பிற்பகலில் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு மூன்றும் வேண்டும். உங்களுக்கு இடப்புறம், வெயிலோ மழையோ எதுவானாலும் மறைவு தரும் மேற்கூரை ஸ்டாண்டுகள் இருக்கின்றன, ஆனால் அங்கே பழைய இரும்புத் தூண்கள் பார்வையை மறைக்கும், 1930களைச் சேர்ந்த மர இருக்கைகளில் முழங்காலை மடக்கி உட்காருவதே பாடு. அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது தூண் மறைக்கும் இடமா என்று பார்த்து எடுங்கள். நடுக் களத்துக்கு நேர் பின்னால் சில வரிசைகளைப் பகல் ஆட்டங்களில் கருந்துணியால் மூடியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது நம் சைட் ஸ்கிரீன்தான். பந்து வெள்ளை என்பதால் திரை கறுப்பு.

உங்கள் வலப்பக்கத் திறந்தவெளி இருக்கைகளிலேயே மேலே, 42ஆம் பிரிவில் 37ஆம் வரிசையில், பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கை தெரியும். 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியில் போய் விழுந்தது. அடித்ததும் விழுந்ததும் உறுதி. 502 அடி என்று சொல்லப்படும் தூரத்தைப் பின்னாளில் வந்த பெரிய அடிக்காரர்கள் சிலரே, டேவிட் ஓர்ட்டிஸ் உட்பட, நம்ப மறுத்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மேலே ஏறி அந்த இடத்திலிருந்து ஹோம் பிளேட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் நண்பர்கள் இன்னொரு கதையையும் கட்டாயம் சொல்வார்கள்: நட்சத்திர ஆட்டக்காரரான பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றதால் வந்த சாபத்தில் ரெட் சாக்ஸ் 86 ஆண்டுகள் கோப்பையே வெல்லவில்லை என்று. விற்றது உண்மை, 1919 டிசம்பரில் ஒப்பந்தமாகி அடுத்த ஜனவரியில் அறிவித்தார்கள். 1918க்குப் பிறகு 2004 வரை கோப்பை வரவில்லை என்பதும் உண்மை. சாபம் என்ற பேச்சு மட்டும் விற்பனை முடிந்து பல பத்தாண்டுகள் கழித்துப் பரவியது. இதைவிடக் கண்கூடான ஒரு காரணம் உண்டு. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை இதே மைதானத்தில் ஒப்புக்குச் சோதித்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள்; ராபின்சன் வேறு அணியில் 1947இல் களமிறங்கி, பெரிய லீக்கில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடையை உடைத்தார். பெரிய லீக் அணிகளிலேயே கடைசியாக, 1959இல்தான், ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பின ஆட்டக்காரரை, பம்ப்ஸி கிரீனை, ஆட வைத்தது. நல்ல ஆட்டக்காரர்களை நிறம் பார்த்து ஒதுக்கிய அணி தோற்றதற்குச் சாபத்தைத் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து; அது ஒன்றே முழுக் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தக் காலத்து உரிமையாளரான டாம் யாக்கியின் பெயரைத் தாங்கியிருந்த தெருவுக்கு 2018இல் ஜெர்சி தெரு என்ற பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள். நீங்கள் வாசலுக்குப் போவது அந்தத் தெரு வழியாகத்தான். சுவரிலுள்ள ஸ்கோர் பலகையின் வெள்ளைக் கோடுகளில் அவருடைய, அவர் மனைவியுடைய பெயரெழுத்துகள் மோர்ஸ் தந்திக் குறிகளாக ஒளிந்திருக்கின்றன.

நேரம் பற்றிய கவலைக்குப் பதில்: இப்போது மூன்று மணி நேரம் ஆவது குறைவு. 2023இல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் அவர் வீசத் தொடங்க வேண்டும். அந்த ஒரே சீசனில் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் மூன்று மணி சொச்சத்திலிருந்து இரண்டு மணி நாற்பது நிமிடமாகக் குறைந்தது. பழைய ரசிகர்கள் சிலர் இதை இன்னும் ஏற்கவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கப் போனால் அரை இன்னிங்ஸ் போய்விடும் என்பதால், ஆட்டம் தொடங்குமுன் வாங்கிவிடுவது நல்லது. ஹாட் டாக்தான் இந்த இடத்தின் அடையாளம்; மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தவிர்ப்பவராக இருந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவர்களுக்கு வறுத்த வேர்க்கடலை, பிரெட்சல், உருளைக்கிழங்கு வறுவல், பீட்சா என்று பாடு தீர்ந்துவிடும். வேர்க்கடலைக்காரர் படிக்கட்டில் நின்றபடி பத்து பேர் தள்ளி இருப்பவரின் மடிக்குக் குறி தப்பாமல் பொட்டலத்தை எறிவார், அவரையும் பாருங்கள். ஓட்டுத் தோலைக் காலடியில் போடுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. கொண்டுபோகும் பையின் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புமுன் அணியின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

நடந்துகொள்ளும் முறையில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பேட்டர் நிற்கும்போது வரிசைக்குள் எழுந்து நடக்காமல், ஒருவர் முடிந்து அடுத்தவர் வரும் இடைவெளியில் போய்வாருங்கள். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து கால் நீட்டிப் பாடுவார்கள், எட்டாவதின் நடுவில் இன்னொரு பழைய பாட்டை அரங்கமே சேர்ந்து கத்தும். வார்த்தை தெரியாவிட்டாலும் எழுந்து நின்றால் போதும். பந்து இருக்கைகளுக்குள் வந்தால் பிடித்தவருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டியதில்லை. வெறுங்கையால் பிடிக்கப் போகாதீர்கள். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே எடை குறைந்ததுதான், ஆனால் கடினத்தில் குறைவில்லை. வலைப் பாதுகாப்பு பேட்டருக்கு அருகில் உள்ள இருக்கைகளுக்குத்தான், உங்கள் பக்கம் கிடையாது. ஆகவே இடக்கை பேட்டர் நிற்கும்போது, அதிலும் கவுண்ட் அவருக்குச் சாதகமாக இருக்கும்போது, கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

மழை வந்தால் தார்ப்பாயை விரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால், உள்ளூர் அணி முன்னிலையில் இருக்கும் பட்சத்தில் நாலரை முடிந்திருந்தாலே, அத்தோடு நிறுத்தி முடிவு அறிவிக்கலாம். டக்வொர்த்-லூயிஸ் போன்ற கணக்கெல்லாம் இங்கே இல்லை. ஒன்பது இன்னிங்ஸில் சமமாக இருந்தால் பத்தாவதிலிருந்து ஒவ்வோர் அணியும் இரண்டாம் பேஸில் ஓர் ஆளை வைத்தே தொடங்கும், அதனால் நள்ளிரவு வரை இழுக்கும் என்ற பயம் வேண்டாம். போவதற்கு கிரீன் லைன் ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தின் பின்னால் சில நிமிடம் நடந்தால் போதும். திரும்பும்போது முப்பத்தைந்தாயிரம் பேரும் அதே நிலையத்துக்குத்தான் போவார்கள். நகரின் மையப் பக்கம் தங்கியிருந்தால் கென்மோரை விட்டுவிட்டுக் கிழக்கே ஹைன்ஸ் நிலையம் வரை நடந்து ஏறிக்கொள்ளுங்கள்.